பெயரா, ரேங்கா, செலவா? பெரிய கல்லூரிகளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

மே மாதம் பிறந்துவிட்டால் திருமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடிவிடும். நான் மேல்நிலை வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறவன். பிள்ளைகளோடு பெற்றோரும் வருவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், வாயில் ஒரே கேள்வி: "ரெண்டும் நல்ல காலேஜ்தான் சார், எதுல சேக்குறது?"

அந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், பெரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நம் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற அரசு உதவி பெறும் பழைய கல்லூரிகள் என்று இரண்டு மூன்று இடங்கள் எட்டும் தூரத்தில் இருந்தால், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பதுதான் இதில் இருக்கிறது. பொறியியலை வைத்தே சொல்கிறேன், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குத்தான் வருகிறார்கள்.

பல வீடுகளில் பெயரில் தொடங்குகிறார்கள். பிறகு கல்லூரியின் ரேங்க் பார்க்கிறார்கள். முன்பணம் கட்டிய பிறகுதான் நான்கு வருடச் செலவைக் கணக்குப் போடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் பணம், அடுத்து பாடப்பிரிவு, அப்புறம் ரேங்க், பெயர் கடைசியில். பெயருக்கு மதிப்பில்லை என்பதால் அதைப் பின்னால் வைக்கவில்லை. அதை முதலில் பார்த்தால் மற்ற மூன்றும் கண்ணில் படாது, அதனால்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வேண்டும். செல்போனில் குறித்து வைப்பது போதாது, வீட்டில் நாலு பேர் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஜூனில் எல்லோரும் அங்கே நிற்பார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. பி.சி., எம்.பி.சி. என்று நம் மாநிலம் கொடுக்கும் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை ஒதுக்கும் ஜோசா கவுன்சிலிங்கில் ஓ.பி.சி. இடம் கேட்பார்கள். அந்த இடங்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. என்.சி.எல். (கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். போன வருடம் அண்ணனுக்கு வாங்கியதைப் பார்த்து அதே மாதிரி கேட்டு வாங்கினால் வேண்டிய தேதியும் மாறியிருக்கும், படிவமும் மாறியிருக்கலாம்.

இன்னொன்று, பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போதே தெரிந்திருக்க வேண்டியது. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. ஆனால் 'எந்த மாநிலம்' என்பதை முடிவு செய்வது சொந்த ஊர் அல்ல, பன்னிரண்டாம் வகுப்பை எங்கே தேறினார்கள் என்பதுதான். ஐ.ஐ.டி. பயிற்சிக்காக ஆந்திரத்திலோ ராஜஸ்தானிலோ பிளஸ் டூ படித்த மதுரைப் பையனுக்குத் திருச்சி என்.ஐ.டி.யில் தமிழ்நாட்டு ஒதுக்கீடு கிடைக்காது. ஐ.ஐ.டி.களில் மாநில ஒதுக்கீடே இல்லை.

1. வீடு தாங்கும் தொகையை முதலில் எழுதுங்கள்

கல்லூரிப் பெயர் எதையும் சொல்வதற்கு முன், அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து ஒரு தொகையை எழுத வேண்டும். கடன் வாங்காமல், நகையைத் தொடாமல், ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும்? அதற்குக் கீழே இரண்டாவது தொகை: கடனோடு சேர்த்து எவ்வளவு வரை போகலாம்?

இதைப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே எழுதுங்கள். பதினேழு வயதுக்கு வீட்டுக் கணக்கு புரியும். மறைத்து வைத்து, மூன்றாம் ஆண்டில் ஹாஸ்டல் பணம் கட்ட முடியாமல் போகும்போது தெரியவந்தால்தான் பிள்ளை உடைந்து போகிறது.

அடுத்து ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்கள் எந்த ஆண்டு கல்லூரிக்கு வருவார்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். மூத்தவருக்குப் போட்ட கடனால் இளையவரின் படிப்பு சுருங்கிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது பெண் பிள்ளையின் படிப்பாக இருக்கிறது.

2. நான்கு ஆண்டு முழுச் செலவைக் கல்லூரிவாரியாகப் போடுங்கள்

வெப்சைட்டில் போட்டிருக்கும் கட்டணம் பெரும்பாலும் முதலாண்டுக் கல்விக் கட்டணம் மட்டும்தான். அதோடு ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், திரும்பி வரும் வைப்புத்தொகை, திரும்பி வராத சேர்க்கைக் கட்டணம், லேப்டாப், போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கட்டணம் உயரும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு இரண்டாம் ஆண்டில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

போக்குவரத்தைச் சிறிய செலவென்று விட்டுவிடாதீர்கள். திருச்சி என்றால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே அம்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வடக்கே இரண்டு நாள் ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் இடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவதே பெரிய காரியம். அவசரத்துக்கு விமானம் ஏற வேண்டிவரும். அந்தத் தொகையும் நோட்டில் வர வேண்டும்.

3. சலுகைகளைக் கழித்த பிறகுதான் உண்மையான விலை தெரியும்

ஐ.ஐ.டி. என்றாலே பணக்காரர்களுக்கு என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கணக்கைப் பாருங்கள். ஐ.ஐ.டி.களில் பி.டெக். கல்விக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் ஆனது. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றால் எந்தப் பிரிவினருக்கும் முழுத் தள்ளுபடி. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. என்.ஐ.டி.களிலும் இதே முறைதான். அதாவது 4 லட்சம் வருமானமுள்ள வீட்டுக்கு, பலகையில் 2 லட்சம் என்று இருப்பது கையிலிருந்து போகும்போது சுமார் 67 ஆயிரம் ரூபாய். ஹாஸ்டலும் மெஸ்ஸும் தனி.

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு, மாநில அரசின் பொறியியல் சேர்க்கையான டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு இது எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 7.5 சதவீத ஒதுக்கீடும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அரசுக் கவுன்சிலிங் வழியாகச் சேரும் இடங்களுக்குத்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் டி.என்.இ.ஏ.வுக்குள் வருவதில்லை. அங்கே முன்பணம் கட்டிவிட்டு, "முதல் பட்டதாரி சர்டிபிகேட் இருக்கு சார், கொடுத்தா குறைப்பாங்கல்ல?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

கல்லூரியே தரும் ஸ்காலர்ஷிப் என்றால் நிபந்தனையைப் படியுங்கள். என் தங்கை மகளுக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகம் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. வீட்டில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தோம். ஒவ்வொரு ஆண்டும் சி.ஜி.பி.ஏ. (10-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 9-க்குக் கீழே போகக்கூடாது என்ற வரி கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முதலாண்டில் அவள் எடுத்தது 8.7. நல்ல மதிப்பெண்தான், ஆனாலும் இரண்டாம் ஆண்டிலிருந்து முழுக் கட்டணம். தங்கையின் வளையல்கள் அடகுக்குப் போயின. அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தவன் நான், அந்த வரியைக் கடந்து போனதும் நான்தான். அன்றிலிருந்து யார் ஸ்காலர்ஷிப் கடிதத்தோடு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன். கேட்க வேண்டிய கேள்வி இது: போன ஆண்டு இதே ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டிலும் அதை வைத்திருந்தார்கள்?

4. கடனை மாதத் தவணையாக மாற்றிப் பாருங்கள்

"இருபது லட்சம் லோன்" என்றால் யாருக்கும் உறைப்பதில்லை. தொகை பெரிதாக இருந்தால் அது வெறும் எண்ணாகிவிடுகிறது. மாதத் தவணையாக மாற்றினால்தான் எடை தெரியும்.

ஆண்டுக்கு 5 லட்சம் வீதம் நான்கு ஆண்டு கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலாண்டுப் பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 2.5 லட்சம், இரண்டாம் ஆண்டுப் பணத்துக்கு 2 லட்சம், மூன்றாவதுக்கு 1.5 லட்சம், நான்காவதுக்கு 1 லட்சம். கூட்டினால் 7 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 20 லட்சம் இல்லை, 27 லட்சம். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 35,700 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டு என்றால் சுமார் 29,000.

இதே கணக்கை ஆண்டுக்கு 2 லட்சம் செலவாகும் இடத்துக்குப் போடுங்கள். 8 லட்சம் கடன் 10.8 லட்சமாகும். பத்து ஆண்டுக்கு மாதம் சுமார் 14,300.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவர் மகளோடு வந்தார். இந்த 35,700-ஐ நான் பென்சிலால் எழுதி வட்டம் போட்டதும், நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சார், இது வருசத்துக்கா மாசத்துக்கா?" என்றார். மாதத்துக்கு என்றேன். மகள் அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பக்கத்துல திருச்சிக் கணக்கையும் எழுதுங்க சார்" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

என் அளவுகோல் இது: படித்து முடித்த பிள்ளையின் கைக்கு வரக்கூடிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது. அதற்கு மேல் போனால், பிடிக்காத வேலையை விட முடியாது, மேற்படிப்புக்குப் போக முடியாது, வீட்டில் ஓர் அவசரம் என்றால் கை கொடுக்க முடியாது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பட்டியலில் உள்ள கல்லூரிகளில் சேர்ந்தால் சொத்து அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை வட்டி விகிதத்தில் 3 சதவீதப் புள்ளி மானியம் உண்டு. எந்தக் கல்லூரி பட்டியலில் வரும் என்பதை, மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசையை வைத்து முடிவு செய்கிறார்கள். ரேங்க் நேரடியாகப் பணமாக மாறும் இடம் இது.

5. பாடப்பிரிவைப் பெயருக்கு முன்னால் வையுங்கள்

பெரிய இடத்தில் பிடிக்காத பிரிவு, அடுத்த இடத்தில் பிடித்த பிரிவு. என்னிடம் வருகிற சிக்கல்களில் பாதி இதுதான்.

"முதல்ல உள்ள போயிருவோம், அடுத்த வருசம் பிரான்ச் மாத்திக்கலாம்" என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். முதலாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு மாறும் வசதியைப் பல ஐ.ஐ.டி.கள் நிறுத்திவிட்டன. இருக்கும் இடங்களிலும் வகுப்பில் முதல் சிலருக்கே வாய்ப்பு.

பிடித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. அந்தப் பிரிவின் மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை இறக்கி, பாடத் தலைப்புகளைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். முதலாண்டு எல்லாப் பிரிவுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், அதைப் பார்த்துப் பயனில்லை. மூன்றாம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு பாடத்தைப் பற்றியாவது பிள்ளை தானாகக் கேள்வி கேட்டால் நல்ல அறிகுறி.

6. ரேங்கைப் பிரித்துப் படியுங்கள்

என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. பொறியியல் பட்டியலில் அன்றிலிருந்து 2025 வரை சென்னை ஐ.ஐ.டி. முதலிடம். இது எல்லோருக்கும் தெரியும். அந்த ரேங்க் எதனால் ஆனது என்று பார்த்தவர்கள் குறைவு.

பொறியியல் பட்டியலில் 100-க்கு 30 மதிப்பெண் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும், 30 ஆராய்ச்சிக்கும், 20 மாணவர்கள் பட்டம் முடித்து என்ன ஆனார்கள் என்பதற்கும், 10 எல்லாத் தரப்பினரும் படிக்கிறார்களா என்பதற்கும், 10 வெளியார் மத்தியில் உள்ள மதிப்புக்கும். அந்த 20-க்குள் சம்பளத்தின் பங்கு கால்வாசி. அதாவது, பெற்றோர் முதலில் கேட்கும் சம்பளத்துக்கு மொத்தத்தில் 5 மதிப்பெண்தான். பேராசிரியர்கள் ஆய்வுக் கட்டுரை நிறைய வெளியிட்டதால் பத்து இடம் ஏறிய கல்லூரியில் உங்கள் பிள்ளையின் வகுப்பறை மாறியிருக்க வேண்டிய அவசியமில்லை.

உலகத் தரவரிசையைக் காட்டி விளம்பரம் செய்தால் இன்னும் கவனம் வேண்டும். க்யூ.எஸ். என்ற உலகப் பட்டியலில் 30 சதவீதம் கல்வியாளர்களிடமும் 15 சதவீதம் வேலை தருபவர்களிடமும் எடுக்கும் கருத்துக் கணிப்பு. ஏறக்குறைய பாதி, ஏற்கெனவே இருக்கும் பெயரைத் திரும்ப எண்ணுவதுதான். ரேங்கையும் பெயரையும் இரண்டு தனிச் சான்றுகளாக எடுத்துக்கொண்டால் ஒரே விஷயத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

கல்லூரிகள் தாங்களே கொடுக்கும் தகவல்களையும் இந்தப் பட்டியல்கள் பெரிதும் நம்பியிருக்கின்றன. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு பிரபலப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. கொடுத்த புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் எடுத்துக்காட்டினார். 2022-இல் அது 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டில் அங்கே பாடம் நடந்த விதம் மாறவில்லை.

ஆகவே ரேங்கைச் சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நான்கைச் சரிபாருங்கள்.

எந்தப் பட்டியல்? ஒரே நிறுவனம் 'பல்கலைக்கழகம்' பட்டியலில் ஓர் இடத்திலும் 'பொறியியல்' பட்டியலில் வேறோர் இடத்திலும் இருக்கும். விளம்பரத்தில் வருவது எது உயர்வோ அதுதான். உங்களுக்கு வேண்டியது பொறியியல் பட்டியல்.

எந்த ஆண்டு? மூன்று ஆண்டு ரேங்கை வரிசையாக எழுதுங்கள். ஒரே ஆண்டில் ஏறியதோ இறங்கியதோ பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மதிப்பெண் என்ன? ரேங்குக்குப் பக்கத்தில் 100-க்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். நடுவில் உள்ள கல்லூரிகளில் பத்துப் பதினைந்து இடத்து வித்தியாசம் ஒரு சில மதிப்பெண்களில் அடங்கிவிடும். அப்படி இருந்தால் இரண்டையும் சமமாகவே வைத்து, மற்ற காரணங்களைப் பாருங்கள்.

பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா? நாக் (NAAC) என்பது நிறுவனம் முழுவதற்கும் தரும் தரச்சான்று, அது ரேங்க் இல்லை. என்.பி.ஏ. அங்கீகாரம் பிரிவுவாரியாக வரும். ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு இருந்து, புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு இல்லாமல் போகலாம்.

7. சம்பளக் கணக்கை நீங்களே போடுங்கள்

பேனரில் போடும் 'உயர்ந்தபட்ச பேக்கேஜ்' ஒரே ஒரு பிள்ளையுடையது. சராசரியும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 5 லட்சம், ஒருவருக்கு 55 லட்சம் என்றால் சராசரி 10 லட்சம் என்று வரும். 10 லட்சம் வாங்கியவர் அந்த வகுப்பில் யாருமே இல்லை. வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பாருங்கள். அது 5 லட்சம்.

அந்த நடுச் சம்பளம் எங்கே கிடைக்கும்? என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த தகவல் பி.டி.எஃப். கோப்பாக என்.ஐ.ஆர்.எஃப். இணையதளத்திலேயே இருக்கிறது. கல்லூரியின் தளத்திலும் போட வேண்டும். அதில் நான்காண்டுப் படிப்புக்கான அட்டவணையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்பு என்று இருக்கும்.

படிக்கும் முறையைக் கற்பனைக் கல்லூரிகளை வைத்துக் காட்டுகிறேன். முதல் கல்லூரியில் 900 பேர் சேர்ந்து 820 பேர் முடித்திருக்கிறார்கள். வேலை 480 பேருக்கு, நடுச் சம்பளம் 9 லட்சம், மேற்படிப்பு 40 பேர். இரண்டாம் கல்லூரியில் 300 பேர் சேர்ந்து 285 பேர் முடித்திருக்கிறார்கள். வேலை 230, நடுச் சம்பளம் 7.5 லட்சம், மேற்படிப்பு 35.

சம்பளத்தை மட்டும் பார்த்தால் முதல் கல்லூரி. இப்போது கழித்துப் பாருங்கள். முதல் கல்லூரியில் 820-இலிருந்து 480-ஐயும் 40-ஐயும் கழித்தால் 300 பேர் எங்கே போனார்கள் என்றே கணக்கில் இல்லை. இரண்டாவதில் அப்படி 20 பேர்தான். அந்த 9 லட்சம், வேலை கிடைத்தவர்களுக்குள் நடுவில் நிற்பவருடையது. கிடைக்காதவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை. உங்கள் பிள்ளை வகுப்பில் முதல் பத்துப் பேருக்குள் வருமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நடுவில் நிற்கும் பிள்ளைக்கும் அதற்குப் பின்னால் நிற்கும் பிள்ளைக்கும் என்ன ஆகிறது என்று பார்த்துச் சேருங்கள்.

அந்த அட்டவணை எல்லாப் பிரிவையும் சேர்த்துப் போட்டது. உங்களுக்கு வேண்டிய பிரிவின் எண்ணைக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேளுங்கள்.

பேக்கேஜ் என்பது கைக்கு வரும் பணமும் இல்லை. சேரும்போது ஒருமுறை தரும் போனஸ், பி.எஃப்., கிராஜுவிட்டி, சில இடங்களில் பங்குகள் எல்லாம் அதற்குள் இருக்கும். 4-ஆம் படியில் போட்ட தவணையைக் கைக்கு வரும் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும்.

8. இப்போது பெயரை எடைபோடுங்கள்

"பேரு பெருசா இருந்தா பாப்பாவுக்கு நல்லதுதானங்க சார்?" என்று கேட்கும் தகப்பனிடம் இல்லை என்று நான் சொல்வதில்லை. யாருக்கு, எவ்வளவு நல்லது என்று சேர்ந்து பார்க்கிறேன்.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களை வைத்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளில் விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடங்கள் கிடைத்தவர்களை ஒப்பிட்டால், அதிகப் பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்களும் போகாதவர்களும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொண்டது. ஆனால் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி கூடுதல் பலன் தந்தது.

அது அந்த நாட்டுக் கணக்கு. ஆனாலும் இங்கே நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. சித்தப்பா பெங்களூரில் மேனேஜராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிப் பெயர் இல்லாவிட்டாலும் ஒரு கதவு திறக்கும். செக்கானூரணியில் வீட்டுக்கு முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குச் சொல்லிவிட ஆள் கிடையாது. அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிப் பெயர்தான் சித்தப்பா. ஆகவே பணம் குறைந்த வீடு என்பதற்காகவே பெரிய இடத்தை விடச் சொல்ல மாட்டேன். 3-ஆம் படியில் சலுகைகளைக் கழித்தபோது அந்த இடம் எட்டுகிறதென்றால், கொஞ்சம் சிரமப்பட்டாவது போகச் சொல்வேன். 20 லட்சம் கடன் போட்டுத்தான் அந்தப் பெயரை வாங்க முடியும் என்றால் வேண்டாம் என்பேன்.

முதல் வேலைக்கும், ஆராய்ச்சிக்கும், வெளிநாட்டு மேற்படிப்புக்கும் பெயர் கை கொடுக்கும். சில நிறுவனங்கள் ஒரு சில வளாகங்களுக்கு மட்டுமே வருகின்றன. டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி., கேட் (GATE) மதிப்பெண் வழியாகப் போகும் பொதுத்துறை வேலைகளில் கல்லூரிப் பெயருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பிள்ளை அந்தப் பக்கம் போக நினைத்தால் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

9. நேரில் போய்ப் பாருங்கள்

வேலைநாளில் போங்கள். கல்லூரியைச் சுற்றிக்காட்டும் 'ஓப்பன் டே' விழாவுக்குக் கூப்பிட்டால் அன்றைக்குப் போனது கணக்கில் சேராது. வாசல் கட்டடத்தையும் நூலகத்தையும் அவர்கள் காட்டுவார்கள். நீங்கள் கேன்டீனுக்குப் போய், உங்கள் பிள்ளை சேர நினைக்கும் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டாயம் ஒருவர் இருப்பார்.

பெற்றோர் சற்று விலகி உட்கார்ந்து பிள்ளைகளைப் பேசவிடுங்கள். உங்கள் பிரிவுக்கு எந்த நிறுவனங்கள் வந்தன, லேபில் கருவியை நீங்களே தொட்டு வேலை செய்கிறீர்களா, பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் செமஸ்டரை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்து நான் இரண்டு முறை என் கருத்தையே மாற்றியிருக்கிறேன்.

10. விருப்ப வரிசையைப் பயமில்லாமல் போடுங்கள்

இந்தப் படிகள் முடிந்தால் நோட்டில் ஒரு வரிசை வந்திருக்கும். அதையே ஜோசாவிலும் டி.என்.இ.ஏ.விலும் பதிவு செய்யுங்கள்.

பயத்தில் நடக்கும் தவறு: "கிடைக்கிறதை மேல போடுவோம், கிடைக்காததைக் கீழ போடுவோம்." முறை அப்படி வேலை செய்வதில்லை. மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் பிள்ளையின் ரேங்குக்கு எட்டும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். எட்டாத இடத்தை மேலே போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கிடைப்பதை மேலே போட்டால், அதைவிட நல்லது எட்டியிருந்தாலும் கிடைக்காது.

ஜோசாவில் இடம் ஒதுக்கியதும் மூன்று வழி. ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஃப்ளோட் என்றால் இதை வைத்துக்கொண்டு, வரிசையில் மேலே உள்ள எந்த இடம் கிடைத்தாலும் மாறுகிறேன். ஸ்லைட் என்றால் இதே கல்லூரியில் மேலே போட்ட பிரிவு கிடைத்தால் மட்டும் மாறுகிறேன். ஃப்ளோட்டில் மேல் இடம் கிடைத்துவிட்டால் பழையது போய்விடும், பிறகு மனம் மாற முடியாது. அதனால் 1 முதல் 9 வரை முடிக்காமல் வரிசையைப் போடவே கூடாது.

11. பணம் கட்டும் நாட்களைக் காலண்டரில் குறியுங்கள்

தனியார் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதத்திலேயே பணம் கட்டச் சொல்லும். ஜோசா தொடங்குவது ஜூனில்தான், டி.என்.இ.ஏ. இடம் ஒதுக்குவது அதற்கும் பிறகு. இந்த இடைவெளியில்தான் வீடுகள் பயந்துபோய்ப் பெருந்தொகை கட்டுகின்றன. இடத்தைப் பிடித்து வைக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று கேட்டு, அதை மட்டும் கட்டுங்கள். ஹாஸ்டலுக்கும் சேர்த்து அன்றைக்கே கட்ட வேண்டாம்.

கட்டும் முன் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே விலகினால் பெருமளவு பணம் திரும்பும், தேதி தாண்டத் தாண்டக் குறையும், முப்பது நாள் கடந்தால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலை அன்றைக்கே கையோடு வாங்கி வாருங்கள்.

விலகுவதாக இருந்தால் போனில் சொல்லாதீர்கள். தேதியோடு மின்னஞ்சல் அனுப்பி, ரசீதின் படத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அதிலேயே சேருங்கள். ஜோசாவில் விலகுவதற்கும் ஒரு குறிப்பிட்ட சுற்று வரைதான் அனுமதி. அட்டவணை வெளியான அன்றைக்கே அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் பிள்ளையின் விண்ணப்ப எண்ணையும் எழுதி வையுங்கள்.